கிழட்டு டிராக்டர்களின் உழவுப் போட்டி

போட்டி என்றதும் உங்களுக்கு வேகம்தான் நினைவுக்கு வரும். மாட்டுவண்டிப் பந்தயமானாலும் படகுப் பந்தயமானாலும் முந்தியவருக்கே பரிசு. ஆனால் டிராக்டர்கள் கலந்துகொண்டும் வேகத்துக்கு மதிப்பெண்ணே தராத ஒரு போட்டி உண்டு. அதுதான் உழவுப் போட்டி. அதிலும் உங்கள் தாத்தா வயதுள்ள டிராக்டர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிரிட்டனில் இப்பிரிவில் சேர வேண்டுமானால், டிராக்டர் 1959-ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்!

"அந்நிய நாட்டுப் போட்டி நமக்கெதற்கு?" என்று கேட்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாடு கலப்பையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆம், நாஞ்சில் என்றால் கலப்பை.

அயர்லாந்தில் இரண்டு நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. உங்கள் மாவட்டத்து உழவர் கெட்டிக்காரரா, எங்கள் மாவட்டத்து உழவரா? அதைத் தீர்க்க 1931-இல் குதிரைக் கலப்பைகளோடு ஒரு போட்டி வைத்தார்கள். அதுவே அந்நாட்டின் தேசிய உழவுப் போட்டியாக வளர்ந்தது. உலக உழவுப் போட்டி 1953-இல் கனடா நாட்டில் தொடங்கியது.

போட்டியாளருக்கு ஒரு சிறு துண்டு நிலம் தரப்படும். அவர் முதலில் டிராக்டரைத் தொடுவதில்லை. நிலத்தின் குறுக்கே குச்சிகளை நட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து, அவற்றை ஒரே கோட்டில் நிறுத்துகிறார். முதல் சால் கோணினால் அதையொட்டி வரும் அத்தனை சாலும் கோணும். ஓட்டும்போது பார்வை சக்கரத்தில் இருக்கக்கூடாது. தொலைவிலுள்ள குச்சியில் இருக்க வேண்டும். நீங்களும் பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியால் கோடு இழுத்துக்கொண்டே நடந்து பாருங்கள். முதலில் காலடியைப் பார்த்தபடி நடங்கள். பிறகு எதிரே உள்ள ஒரு மரத்தைப் பார்த்தபடி நடங்கள். இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும்.

நடுவர்கள் சாலின் நேர்மையோடு, ஆழம் சீராக இருக்கிறதா, புரண்ட மண் இடைவெளியின்றி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கிறதா, புல் முழுவதும் புதைந்ததா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஒரு புல் நுனி வெளியே தெரிந்தாலும் குறைதான். இதற்கு நம் மரக்கலப்பை உதவாது. அது மண்ணைக் கீறும், புரட்டாது. அங்கே பயன்படுவது இறக்கைக் கலப்பை. அதன் கொழு மண்ணை அடியில் அறுக்க, வளைந்த இரும்புப் பலகை அந்த மண்ணைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கிறது.

இப்போது டிராக்டருக்கு வருவோம். பழைய டிராக்டர்களில் ஒரு பேராபத்து இருந்தது. பின்னால் கட்டிய கலப்பை பாறையில் சிக்கிக்கொண்டால், சக்கரம் சுழல மறுத்து, டிராக்டரே முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். ஓட்டியவர்கள் இறந்ததும் உண்டு. இதற்கு வழி கண்டவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். அவர் கலப்பையைக் கீழே இரண்டு தண்டுகளாலும் மேலே ஒரு தண்டாலும் டிராக்டரோடு இணைத்தார்.

இதில் என்ன அதிசயம்? ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் இரு விரல்களால் பிடியுங்கள். கீழ்முனையைப் பின்னுக்கு இழுங்கள். மேல்முனை முன்னுக்குச் சாய்கிறதல்லவா? அதேபோல் மண் கொழுவைப் பின்னுக்கு இழுக்கும்போது, கலப்பையின் மேற்பகுதி மேல் தண்டு வழியாக டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. தூக்க முயலும் முன்பக்கத்தை இந்தத் தள்ளல் தரையில் அழுத்துகிறது. எதிரியின் பலத்தைக் கொண்டே எதிரியை அடக்கிவிட்டார்! அந்தத் தள்ளல் அளவு மீறினால் ஒரு சுருள்வில் அமுங்கி, எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைச் சற்றே உயர்த்தியும் விடும். மின்னணுக் கருவி ஏதும் இல்லாத காலத்தில் செய்த ஏற்பாடு இது.

1946 முதல் 1956 வரை பெர்குசனின் சாம்பல் நிறச் சிறு டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியாயின. பழைய டிராக்டர் பிரிவில் இன்றும் உழுகிறவற்றில் இவை உண்டு. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனமும் பெர்குசனின் பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் கூட்டுறவோடுதான் டிராக்டர் செய்யத் தொடங்கியது. உங்கள் ஊர் டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அந்த மூன்று தண்டுகளும் இருக்கும்.

சரி, உலகப் போட்டியில் வென்ற ஒருவரை அவருடைய பழைய டிராக்டரோடு கீரிப்பாறைக்கு அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம். இங்கே அவருக்கு வேலையே இல்லை! மலையடிவாரத்துச் சரிவில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் இடம். சரிவில் மேலிருந்து கீழாக நேர்ச்சால் போட்டால் மழைத் தண்ணீருக்கு அது வாய்க்காலாகிவிடும். மேல்மண் கீழே போய்ச் சேரும். அதனால்தான் சரிவுகளில் ரப்பரைச் சம உயரக் கோட்டை ஒட்டி நடுகிறார்கள். கன்று சிறிதாக இருக்கும்போது இடையில் பயறு இனக் கொடிகளைப் படர விட்டு மண்ணை மூடுகிறார்கள். கலப்பைக்கு இடம் தராத ரப்பருக்கு டிராக்டரோடு வேறு உறவு உண்டு. 1932 வரை டிராக்டர்கள் பெரும்பாலும் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. அந்த ஆண்டில்தான் காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய டிராக்டர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

அங்கிருந்து பூதப்பாண்டி வழியாக இறங்கி, நெல்வயலுக்கு வருவோம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் கண்ட வயல்கள். இங்கே தொளி உழவு. தேங்கிய தண்ணீரில் டயர் வழுக்கும் என்பதால் டிராக்டருக்கு மறுபடியும் இரும்பிலே கேஜ்வீல் மாட்டுகிறார்கள்! நம் வெற்றிவீரர் பாடுபட்டுப் போடும் சாலை இந்தச் சேறு உடனே மூடிவிடும். அவர் மண்கட்டியைப் புரட்டி, காற்றும் நீரும் உள்ளே போக வழி செய்பவர். நம் உழவரோ கட்டியை உடைத்து, குழைத்து, மரமடித்து, தண்ணீர் கீழே போகும் துளைகளை அடைப்பவர். நோக்கமே நேர் எதிர்.

ஆண்டாண்டாய் இப்படி உழுததால் தொளிக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டாகிறது. நெல்லுக்குத் தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். கனமான டிராக்டர் ஈரத்தில் திரும்பத் திரும்ப ஓடினால் அந்த இறுக்கம் இன்னும் ஆழத்துக்குப் போகும். பின்னால் அதே வயலில் பயறோ வாழையோ போட்டால் வேர் இறங்கத் திணறும். என் கணக்கில், நமக்கென்று ஓர் உழவுப் போட்டி வைத்தால் நேர்ச்சாலுக்கு மதிப்பெண் வேண்டாம். வயலில் கட்டிய தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதற்குக் கொடுக்கலாம்.

அதைச் சிறு அளவில் நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு கொட்டாங்கச்சிகளை எடுத்து, கண்ணைத் துளைத்து, துளைமேல் ஒரு துணித்துண்டைப் போடுங்கள். ஒன்றில் உலர்ந்த வயல் மண்ணைச் சிறு கட்டிகளாகவே போடுங்கள். மற்றதில் அதே அளவு மண்ணைத் தண்ணீர் விட்டு நன்றாகக் குழைத்துப் போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். களிப்பான வயல் மண்ணாக இருக்கட்டும். ஆற்று மணலில் இது பலிக்காது.