கேளா ஒலியால் நச்சுக் கழிவை அழிக்கலாமா?

தொழிற்சாலைக் கழிவு நீரில் கலந்துள்ள கரிமப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பாக்டீரியாக்கள் தின்று செரிக்கக் கூடியவை. பால் பண்ணைக் கழிவும் சர்க்கரை ஆலைக் கழிவும் இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, நுண்ணுயிர்கள் எளிதில் தொட மறுப்பவை. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள், சில பூச்சிக்கொல்லிகள், ஃபுளூரின் சேர்ந்த சேர்மங்கள் ஆகியவை இவ்வகையின. இவற்றைக் கரித்தூளில் வடிகட்டிப் பிடிக்கலாம். ஆனால் நஞ்சு அழிவதில்லை. நீரிலிருந்து கரித்தூளுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. மூலக்கூறையே உடைத்தால்தான் தொல்லை தீரும். அந்த வேலையை ஒலியைக் கொண்டு செய்யலாம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஒலியும் குமிழியும்

வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியே நம் செவிக்கு எட்டும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. மீயொலி என்றும் கூறுவர். சில வகைப் படிகங்களுக்கு மாறு மின்னழுத்தம் கொடுத்தால் அவை சுருங்கி விரிந்து அதிரும். இவ்வதிர்வை நீருக்குள் செலுத்திக் கேளா ஒலியை உண்டாக்குகிறார்கள்.

இந்த ஒலி நேராகச் சென்று மூலக்கூறை உடைப்பதில்லை. நீங்களே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அதிர்வெண் 20,000 எனில் அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். மூலக்கூறின் அளவோ ஒரு மீட்டரில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய அலைக்கும் அவ்வளவு சிறிய பொருளுக்கும் நடுவே ஒரு தரகர் தேவை. அந்தத் தரகர்தான் குமிழி.

ஒலி அலை நீரை மாறி மாறி அமுக்குகிறது, இழுக்கிறது. இழுப்பு வலுவாக இருந்தால், நீரில் உள்ள நுண்ணிய வாயுத் துணுக்குகள் குமிழிகளாக வளர்கின்றன. ஒவ்வோர் அதிர்விலும் சிறிது சிறிதாகப் பெருத்து, ஒரு கட்டத்தில் மளமளவென்று விரிந்து, அடுத்த அமுக்கத்தில் நொறுங்கி விடுகின்றன. கப்பலின் சுழல் விசிறியை அரிப்பதும் இத்தகைய குமிழிகளே. இவ்வாறு நொறுங்கும்போது பேரழுத்தம் தோன்றும் என்பதை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். கேளா ஒலி வேதி வினைகளைத் தூண்டும் என்பதை 1927-இல் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்டனர்.

நீருக்குள் ஓர் உலை

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். வாயுவை விரைந்து அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். குமிழி நொறுங்குவது மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிந்து விடுவதால் வெப்பம் வெளியேற நேரமில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் குழுவினர் 1980-களிலும் 1990-களிலும் செய்த அளவீடுகள், குமிழிக்குள் வெப்பநிலை சுமார் 5,000 கெல்வினை எட்டுவதைக் காட்டின. சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,800 கெல்வின்தான்! ஆயினும் பாத்திரத்து நீர் கொதிப்பதில்லை. சூடான இடம் மிக மிகச் சிறியது. அடுத்த கணமே ஆறி விடுகிறது.

மூன்று இடங்களில் போர்

எளிதில் ஆவியாகும் நஞ்சு குமிழிக்குள்ளேயே புகுந்து விடும். கார்பன் டெட்ராகுளோரைடு இதற்கு எடுத்துக்காட்டு. குமிழி நொறுங்கும்போது அது வெப்பத்தால் சிதைகிறது.

ஆவியாகாத நஞ்சின் கதை வேறு. குமிழிக்குள் இருக்கும் நீராவி வெப்பத்தால் உடைந்து, ஹைட்ரஜன் அணுவாகவும் ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பாகவும் பிரிகிறது. ஹைட்ராக்சில், ஓசோனைவிட வலிமை மிக்க ஆக்சிஜனேற்றி. அது குமிழியின் விளிம்பிலும் அதை ஒட்டிய நீரிலும் ஃபீனால் போன்ற சேர்மங்களைத் தாக்கிச் சிதைக்கிறது.

மூன்றாவது இடம் குமிழியின் தோல். இங்கேதான் கேளா ஒலியின் தனிச் சிறப்பு வெளிப்படுகிறது. தீயணைப்பு நுரையிலும் ஒட்டாத பாத்திரங்களின் பூச்சுத் தயாரிப்பிலும் பயன்பட்டு வந்த ஃபுளூரின் சேர்மங்கள் சில உண்டு. அவற்றில் பெர்ஃபுளூரோ ஆக்டேன் சல்ஃபோனேட் 2009-இலும், பெர்ஃபுளூரோ ஆக்டனாயிக் அமிலம் 2019-இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையே உள்ள பிணைப்பு மிக உறுதியானது. ஹைட்ராக்சிலாலும் அதை எளிதில் அசைக்க முடிவதில்லை. ஆனால் சோப்பைப் போலவே இம்மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். வெறுக்கும் முனை நீரை விட்டு விலக முயல்வதால், இவை தாமாகவே குமிழியின் தோலில் வந்து ஒட்டிக் கொள்கின்றன. குமிழி நொறுங்கும்போது அங்கு எழும் வெப்பம் இவற்றைச் சிதைக்கிறது.

2005-இல் ஜப்பானின் ஒசாகாவில் ஆய்வாளர்கள் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஆர்கான் வாயு நிறைந்த நீரில் செலுத்தினர். அந்த அமிலத்தில் பாதி அளவு 22 நிமிடங்களிலும், சல்ஃபோனேட்டில் பாதி அளவு 43 நிமிடங்களிலும் சிதைந்தன. ஆர்கான் எதற்கு என்று கேட்கலாம். அது ஓரணு வாயு. ஒரே அளவு அமுக்கத்தில் காற்றைவிட அது அதிகம் சூடாகும். இன்னொரு விந்தை: நீரைச் சூடாக்கினால் வேலை விரைவாக நடக்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறு. சுடுநீரில் குமிழிக்குள் நீராவி நிறைந்து, பஞ்சு மெத்தை போல் நொறுங்கலின் வேகத்தைத் தணித்து விடும்.

இரண்டு தடைகள்

முதல் தடை மின்சாரச் செலவு. ஒரு லிட்டருக்கு 250 வாட் வீதம் 3 மணி நேரம் செலுத்துவதாகக் கொள்வோம். செலவு 0.75 யூனிட். இது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் 10,000 லிட்டர் கொண்ட ஒரு லாரி நீருக்கு இதே கணக்கில் 7,500 யூனிட் ஆகும்! எனவே ஆற்றையோ ஏரியையோ இம்முறையில் தூய்மையாக்க நினைப்பது வீண். முதலில் நஞ்சைச் சிறிதளவு நீருக்குள் செறிவாக்கி, அந்தச் சிறு அளவை மட்டும் கேளா ஒலிக்கு உட்படுத்துவதே அறிவுடைமை. படிகங்களுக்குப் பதிலாக, நீரைக் குறுகிய துளை வழியே விசையுடன் பாய்ச்சிக் குமிழிகளை உண்டாக்கும் முறையும் உண்டு. மும்பை வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அனிருத்த பண்டிட் இத்துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர்.

இரண்டாவது தடை இன்னும் முக்கியமானது. நஞ்சு மறைந்து விட்டது என்பதும் அழிந்து விட்டது என்பதும் ஒன்றல்ல. கார்பன் டெட்ராகுளோரைடு சிதையும்போது, குளோரின் சேர்ந்த வேறு நச்சுப் பொருள்கள் இடையில் தோன்றுவதுண்டு. பாதியில் நிறுத்தினால் ஒரு நஞ்சு போய் மற்றொரு நஞ்சு வந்து சேரும். ஆகவே ஃபுளூரின் சேர்மத்தை அழித்ததாக யாரேனும் கூறினால், "நீரில் ஃபுளூரைடு அயனி எவ்வளவு வெளிவந்தது?" என்று கேளுங்கள். சேர்மத்தில் இருந்த ஃபுளூரின் முழுவதும் அயனியாகக் கணக்கில் வந்தால்தான் மூலக்கூறு முற்றிலும் உடைந்தது என்று பொருள். அந்த ஃபுளூரைடையும் நீக்கிய பிறகே நீரை வெளியே விட வேண்டும்.

எல்லாக் கழிவுக்கும் கேளா ஒலி மருந்தாகாது. ஆனால் நுண்ணுயிரும் ஆக்சிஜனேற்றியும் கைவிட்ட சில நஞ்சுகளுக்கு, நெருப்பு மூட்டாமலும் வேறு வேதிப்பொருள்களைக் கொட்டாமலும் முடிவு காணும் ஒரு வழி அது. கழிவை உண்டாக்கும் இடத்திலேயே, அது நீரோடையில் கலந்து பெருகுவதற்கு முன்பே கையாண்டால்தான் அந்த வழி கட்டுப்படியாகும்.