ஐ.பி. எண் கிடைச்சாச்சு... புகாரை யார்கிட்ட சொல்றது?

ஊறுகாய் விற்கச் சின்னதாக ஒரு வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக்கூட இந்தத் தலைவலி உண்டு. ராத்திரி முழுக்க யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழையப் பார்க்கிறார்கள். விடிந்ததும் பார்த்தால், எல்லாம் ஒரே ஐ.பி. எண்ணிலிருந்து!

அந்த எண் எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதை 'ஹூ இஸ்' தேடல் சொல்லிவிடும். உலகம் முழுக்க ஐ.பி. எண்களைப் பிரித்துக் கொடுக்க ஐந்து பதிவகங்கள் இருக்கின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள 'ஏப்நிக்'.

பலரும் தடுமாறுவது இங்கேதான். தேடலில் ஏப்நிக் பெயரைப் பார்த்ததும், 'நீங்கதானே ஹேக் பண்றது?' என்று அங்கேயே கோபமாக மெயில் தட்டிவிடுகிறார்கள். பத்திரப்பதிவு ஆபீஸுக்குப் போய், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னால் எப்படி?

சரி, பதிவுக்குள் போனால் அங்கேயும் இரண்டு மூன்று மெயில் முகவரிகள். 'அட்மின்' என்பவர் நிர்வாகத்துக்கு. 'டெக்' என்பவர் நெட்வொர்க் கோளாறுகளுக்கு. நமக்கு வேண்டியது 'அப்யூஸ்' என்று குறித்திருக்கும் முகவரி மட்டும்தான். ஏப்நிக் பதிவுகளில் 'ஐ.ஆர்.டி.' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். 2010 முதல் அது கட்டாயம். தனி ஆளின் மெயிலைவிட, பொறுப்பின் பெயரில் ஒரு பெட்டி இருப்பதுதான் நல்லது. ஆள் வேலையை விட்டுப் போனாலும், பெட்டியைத் திறக்க இன்னொருவர் இருப்பார்.

பெட்டி இருந்தால் போதுமா, வேலை செய்ய வேண்டாமா? அதனால் 2019 முதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரி உயிரோடு இருக்கிறதா என்று ஏப்நிக் சோதிக்கிறது. ஆனால், வந்த புகார் மேல் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று அதனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

புகார் எழுதும்போது ஐ.பி. எண்ணுடன் நேரத்தையும் நொடி சுத்தமாக எழுதுங்கள். 'இந்திய நேரம்' என்று குறிப்பிட மறக்கவே கூடாது. ஒரே எண்ணை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் நெட்வொர்க்குகள் நிறைய. உலகப் பொது நேரத்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அது குழம்பினால், ஒன்றுமறியாத ஏதோ ஒரு குடும்பத்தின் மேல் பழி விழும். மோசடி மெயில் என்றால், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. அதன் முழு 'ஹெடர்' விவரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பணமே பறிபோய்விட்டதென்றால், அப்யூஸ் பெட்டிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் 1930-க்கு போன் போடுங்கள்.