கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு முன் விசாவைப் பாருங்கள்

டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வருவது புதிதல்ல. "சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறோம். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வகுப்பு. நீயும் வா." அழைப்பவர் அமெரிக்கக் குடிமகன்; அவருக்கு அது கிரிக்கெட் வலைப்பயிற்சிக்குப் போவது மாதிரி. எச்-1பி விசாவில் இருப்பவருக்கோ அதே வகுப்பு, 15 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய மத்திய அரசுக் குற்றமாக முடியலாம்.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 922ஆம் பிரிவு, குடியேறாதோர் விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பேரக்குழந்தையைப் பார்க்க வரும் அப்பா அம்மாவின் பி-2 எல்லாம் இதில் அடங்கும். பலர் சறுக்குவது 'வைத்திருத்தல்' என்பதில்தான். சொந்தமாக வாங்க வேண்டும் என்பதில்லை. வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுட்டாலே போதும். "ஐ-140 ஒப்புதல் வந்துவிட்டது, கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷமாக நிற்கிறேன்" என்பதும் உதவாது. கார்டு கைக்கு வரும்வரை எச்-1பிக்காரர் எச்-1பிக்காரர்தான்.

ரேஞ்சில் சில தோட்டாக்கள் சுட்டதற்கெல்லாம் வழக்கா என்று கேட்பவர்களுக்கு ரெஹைஃப் வழக்கைச் சொல்லலாம். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்தவர் அவர். மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கியது. விசா நிலை முடிந்துபோகும் என்றும் எச்சரித்தது. அவர் நாட்டை விட்டுப் போகாமல், ஒரு ரேஞ்சுக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளால் சுட்டார். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் காயமில்லை. கிடைத்தது 18 மாதச் சிறை. 2019இல் உச்ச நீதிமன்றம், தன் குடிவரவு நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும் என்று 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பாஸ்போர்ட்டிலேயே விசா ஒட்டியிருப்பவருக்கு அதனால் பெரிய பயனில்லை. தன் விசா என்ன என்பது அவருக்குத் தெரியும். சட்டம் தெரியாது என்று சொன்னால் நீதிமன்றம் ஏற்பதில்லை.

வழியே இல்லையா? இருக்கிறது. ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, அன்றைய தேதியில் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் மத்தியச் சட்டத்தின் இந்தத் தடை விலகும். மான் கொம்பைக்கூடப் பார்த்திராத மென்பொருள் பொறியாளர் வேட்டை உரிமம் எடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அதுதான். உரிமத்துக்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்கச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. காலாவதியான உரிமம் உரிமமே அல்ல. மாநிலச் சட்டம் இதற்கும் மேலே தனியாக நிற்கிறது: இல்லினாயில் குடியிருப்பவர்களுக்குத் தனி அடையாள அட்டை வேண்டும், நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். விசா இன்றி வரும் கனடாக் குடிமக்களுக்கு, டொராண்டோத் தமிழர்களையும் சேர்த்து, இந்த விசாத் தடை பொருந்தாது என்பது 2012 முதல் அமெரிக்கத் துப்பாக்கித் துறையின் நிலைப்பாடு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. பெற்றோரை லாஸ் வேகாஸ் அழைத்துப் போகிறவர்கள், அங்குள்ள ரேஞ்சுகளை விட்டுவிட்டு வேறு வேடிக்கை காட்டுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். நல்ல பயிற்சியாளரிடம் போனால், சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை மனப்பாடமாகச் சொல்ல வைப்பார்: எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே, அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவற்றை அவசரமாக ஒப்பித்துவிட்டு நேரே சுடவிடும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது உத்தமம். உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து அந்தக் கணத்திலேயே இருக்கிறது என்று நியாயமாக நம்பினால்தான் சுடுவது தற்காப்பு. வெளியிடத்தில் பத்திரமாக விலக முடிந்தால் விலக வேண்டும் என்பது நியூயார்க் சட்டம். விலகத் தேவையில்லை என்பது 2005 முதல் ஃபுளோரிடா சட்டம். ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் அடுத்த மாநிலத்தில் வெறும் காகிதமாகலாம்.

வகுப்புக்கு முன் ஒரு பொறுப்புவிலக்குப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். அதைப் போட்டுவிட்டால் எல்லா உரிமையும் போயிற்று என்பதில்லை; அப்பட்டமான அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் பல மாநிலங்களில் வழக்குத் தொடரலாம். கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். உள்ளரங்கில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மூடியும் இரண்டும் வேண்டும். இன்னொன்று, பலர் நினைத்துப் பார்க்காதது: காரீயத் தூசி. கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். வீட்டுக்கு வந்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். கருவுற்றிருப்பவர்கள் ரேஞ்சைத் தவிர்ப்பதே நல்லது.

வகுப்பு முடிந்த கையோடு ஒன்று வாங்கி வீட்டில் வைக்கும் ஆசை வரும். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர்; அதில் 27,000-க்கும் மேல் தற்கொலை. திருடனுக்காக வாங்கியது வீட்டாரையே கொல்வதுதான் அதிகம் என்று நான் நினைப்பதற்கு இந்தக் கணக்கே போதும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டுப் பெட்டியோடு வாங்குங்கள். மனம் சோர்ந்தவர் வீட்டில் இருந்தால் வாங்கவே வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கிரீன் கார்டுக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலும் நாடுகடத்தப்படலாம்.

சிக்கிக்கொண்டால் போலீஸிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "பேச விரும்பவில்லை, வழக்கறிஞர் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே மௌனமாக இருந்தால் போதாது. ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று சொல்ல வேண்டியது உங்கள் குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவருக்குக் குடிவரவுச் சட்டம் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்ட பிறகே எதையும் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோருவதும் உங்கள் உரிமை.

கடைசியாக, ஊருக்கு வரும் பெட்டி. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையின் மூலையில் ஒரு தோட்டா தங்கிவிட்டால், அமெரிக்காவில் அது சாதாரணம். சென்னை விமான நிலையத்தின் எக்ஸ்ரேயில் தெரிந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்கு வரும், பயணம் நிற்கும். தெரியாமல் பையில் இருந்தது, அறிந்து வைத்திருக்கவில்லை என்று காட்டினால் உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ரேஞ்சின் ரசீதும் வகுப்புப் பதிவும் அங்கே உதவும். அதற்குள் விடுமுறை தீர்ந்துவிடும். ரேஞ்சுக்கென்று ஒரு தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள்.