அப்பச்சி சொன்ன சிங்கி இறால்

இறாலை நமக்குத் தெரியும். இறால் தொக்கு, இறால் வறுவல், இறால் பிரியாணி எல்லாம் தெரியும். ஆனால் முழங்கை நீளத்துக்கு ஓர் இறால் உண்டு என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? காரைக்குடியில் ஓர் ஆச்சி அறுபத்தெட்டு வருஷமாக நம்பாமல் இருந்தார். சொன்னவர் வேறு யாருமல்ல, அவரைப் பெற்ற தகப்பனார்!

நான் காரைக்குடிக்குப் போனது வீடுகளைப் பற்றி எழுத. ஆயிரம் ஜன்னல் வீட்டையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, கல்லூரித் தோழியின் ஆயா வீட்டில் தங்கியிருந்தேன். அவரைத்தான் ஊரெல்லாம் ஆச்சி என்கிறது. நானும் அப்படியே அழைத்தேன். வயது எழுபத்தெட்டு. அடுப்படியில் இன்னும் அவர் ராஜ்யம்தான்.

இரவு முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதை வந்தது. ஆச்சியின் அப்பச்சிக்குச் சைகோனில் கடை. செட்டிநாட்டு ஆண்கள் ‘கொண்டு விற்க’ப் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கப்பலேறிய காலம். போனால் மூன்று வருஷக் கணக்கு. பெண்கள் இங்கே பெரிய வீட்டைக் கட்டிக் காத்துக்கொண்டு இருப்பார்கள். பர்மாவில் 1942-ல் ஜப்பானியர் நுழைந்ததும் அங்கிருந்த கொடுக்கல் வாங்கல் நொடித்தது. சைகோன் இன்னும் சில காலம் தாங்கி, 1975-க்குப் பிறகு அதுவும் போயிற்று. நகரத்தார் அங்கே கட்டிய தண்டாயுதபாணி கோயில் மட்டும் இன்றும் நிற்கிறது.

“அப்பச்சி ஒரு தடவை வந்தப்போ எனக்குப் பத்து வயசு. அங்கே ஒரு இறால் தின்னேன், என் முழங்கை நீளம்னு சொன்னாக. நான் சிரிச்சுட்டேன். சிலேட்டை வாங்கிப் படம் போட்டுக் காட்டினாக. மீசை படத்துக்கு வெளியே போயிருச்சு! இது பூதம், இறால் இல்லைன்னேன். ‘நீ நம்பலைன்னா போ ஆத்தா’ன்னாக. அதுக்கு அடுத்த பயணம் போனவுக திரும்பலை” என்றார் ஆச்சி.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பேசாமலிருந்தவர்களில் ஒருவன் தோழியின் தம்பி. இராமநாதபுரத்தில் வேலை. மறு ஞாயிறு அவன் வந்து இறங்கியபோது கையில் ஒரு தெர்மகோல் பெட்டி!

மண்டபத்துப் பக்கம் கரையில் வாங்கியதாம். பெட்டிக்குள் ஈர மரத்தூள், நடுவே இரண்டு உருப்படிகள். குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் தண்ணீருக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்குமாம். நான் ஆவலாகக் குனிந்தேன். ‘கிரீச்’ என்று ஒரு சப்தம்! துருப்பிடித்த கதவுக் கீல் போல. மீசையின் அடிப்பகுதியைத் தலை ஓட்டில் உரசி அது எழுப்பும் எச்சரிக்கை அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போதோ, மூன்றடி பின்னால் தூணருகே இருந்தேன்.

ஆச்சி நகரவில்லை. குனிந்து, தன் முழங்கையைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்.

“அப்பச்சி பொய் சொல்லலை” என்றார். அவ்வளவுதான்.

ஆங்கிலப் படங்களில் பெரிய இடுக்கிக் கைகளோடு ஒன்று வருமே, அது அட்லாண்டிக் குளிர்கடல் ஜாதி. நம் சிங்கி இறாலுக்கு இடுக்கி கிடையாது. உடம்பை விட நீளமான மீசை, முதுகெல்லாம் முள். பெட்டியில் வந்தது பச்சையும் நீலமும் கலந்து, கால்களில் பட்டை பட்டையாக, பட்டுப்புடவைக் கடையில் கூட அகப்படாத நிறம். இந்த இனம் மன்னார் வளைகுடாவில் வாழ்கிறது. வியட்நாம் கடலிலும் வாழ்கிறது. அங்கே இப்போது கடலில் கூண்டு கட்டியே வளர்க்கிறார்கள். சைகோனில் அப்பச்சி சாப்பிட்டது, மூன்று மணி நேரப் பயண தூரத்தில் நம் கடலிலேயே பாறை இடுக்கில் பகலெல்லாம் தூங்கி, இரவில் இரை தேடிக்கொண்டிருந்திருக்கிறது!

பின் ஏன் காரைக்குடிச் சந்தைக்கு அது வருவதில்லை? தொண்டியிலிருந்து மீனும் நண்டும் தாராளமாக வருகிறதே? காரணம் விலை. கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது. உயிரோடு விமானமேறி வெளிநாட்டு ஹோட்டல்களுக்குப் போய்விடுகிறது. பெட்டியைக் கட்டிக் கொடுத்த மீனவப் பெண்ணிடம், “நீங்க எப்படிக்கா சமைப்பீங்க?” என்று தம்பி கேட்டிருக்கிறான். “நாங்க எங்கே தம்பி சமைக்கிறது? இது வலையில விழுந்தா பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம்” என்றாளாம். நாலு தலைமுறையாகப் பிடிக்கிற வீட்டில் அதன் ருசி தெரியாது. எனக்கு இது உறுத்தியது. சாப்பிடும்போதும் உறுத்தியது, மறைப்பானேன்?

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக்கொத்து இருந்தால் வாங்காதீர்கள். குஞ்சு கண்ணாடி இலை போல மாதக்கணக்கில் கடலில் மிதந்து, உருமாறி, அப்புறம்தான் பாறைக்கு வந்து சேர்கிறது. சிறியதையும் தொடாதீர்கள். இந்த இனம் 500 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாதென்று 2003-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. வெளிநாட்டுக்காரருக்கு உள்ள கட்டுப்பாடு நமக்கும் இருக்கட்டுமே.

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் மரத்துப் போகிறது, அப்புறம்தான் கத்தி. வாலைத் திருகித் தலையிலிருந்து பிரித்தார்கள். குடல் நரம்பை எடுக்க ஆச்சி ஒரு வேலை செய்தார். அந்த மீசையிலேயே ஒரு துண்டை ஒடித்து, வாலடியில் விட்டு, ஒரு திருகு திருகி இழுத்தார். நரம்பு முழுசாக வந்துவிட்டது! யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். “முள்ளு முள்ளா இருக்கே, அது எதுக்குன்னு யோசிச்சேன்” என்றார்.

அடுத்து ஒரு வழக்கு. சோம்பு, மிளகு, சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு மசாலா பிரட்டுவதா, வேண்டாமா? சமையற்கார அம்மாள் அம்மியருகே தயாராக உட்கார்ந்துவிட்டாள். “மசாலாவைப் போட்டா நண்டு மாதிரிதான் இருக்கும். அப்பச்சி வெண்ணெய் மட்டும் தொட்டுத் தின்னதாச் சொன்னாக” என்றார் ஆச்சி. கடைசியில் ஒன்று அப்பச்சிக்கு, ஒன்று செட்டிநாட்டுக்கு என்று தீர்ப்பாயிற்று.

உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது வாலைப் போட்டு எட்டு நிமிஷம். கண்ணெதிரே நீலம் மறைந்து ஓடு செக்கச் செவேலென்று ஆகிறது. சிவப்புச் சாயம் முன்பே அதில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது, சூட்டில் பிடி விட்டுவிடுகிறது. கண்ணாடி போலிருந்த தசை வெள்ளையானால் உடனே இறக்க வேண்டும். தாமதித்தால் ரப்பர்தான்.

ஒரு கிலோவில் தசை மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். ஐந்து பேருக்கு ஆளுக்கு நாலு துண்டு. முதல் துண்டை வெண்ணெயில் தோய்த்து வாயில் போட்டேன். நண்டின் தித்திப்பு, ஆனால் நண்டை விடக் கெட்டி. இளந்தேங்காய் வழுக்கையைக் கடிப்பது போல ஒரு நறுக். நன்றாகத்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் கொடுக்கும்படியா என்றால், என் ஓட்டு தொண்டி நண்டுக்குத்தான். மிளகு மசாலாவில் பிரட்டிய மற்றொன்றில் மசாலா ஜெயித்துவிட்டது; ஆச்சி சொன்னது சரி. உண்மையில் எல்லோரும் மறுபடி கேட்டு வாங்கியது, தலை ஓட்டைத் தட்டிப் போட்டு வைத்த ரசத்தை! (இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதன் பக்கமும் போக வேண்டாம்.)

ஆச்சி எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, தன் பங்கை எடுத்துக்கொண்டு வளவில் தனியாக உட்கார்ந்தார். மசாலாவைத் தொடவில்லை. வெண்ணெய்த் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சாப்பிட்டார்.

“எப்படி இருக்கு ஆச்சி?” என்றேன்.

“உப்புக் கொஞ்சம் கம்மி” என்றார்.

பிறகு பெரிய ஓட்டைக் கழுவி, மீசை ஒடியாமல், முற்றத்து வெயிலில் முறத்தின் மேல் காய வைத்தார். சாயங்காலம் ரயிலுக்குப் புறப்பட்டு வந்து பார்க்கிறேன், ஒரு காக்கை அதன் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆச்சி கையில் விசிறியோடு அதைத் துரத்திக்கொண்டிருந்தார்.