கேம் லேக் ஆகுதா? 'கிளியர் டேட்டா'வைத் தொடும் முன் இதைப் படிங்க

எதிரி கண்ணெதிரே நிற்கிறான். பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி திரையில் நீங்கள் அவுட். உடனே 'ஒரே லேக்' என்று போனைத் திட்டுவோம். ஆனால், லேக் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி சிக்கல்கள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் செட்டிங்ஸை நோண்டினால் வேலைக்கு ஆகாது.

முதலாவது, நெட்வொர்க். போனிலிருந்து கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் 'பிங்'. பல ஆன்லைன் கேம்களில் திரை ஓரத்திலேயே இந்த எண் தெரியும். இது எகிறினால், காட்சி என்னவோ வழுக்கிக்கொண்டு ஓடும். எதிரிகள் மட்டும் இடம்விட்டு இடம் தாவுவார்கள். ரவுட்டர் பக்கத்தில் போய் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்க. பின்னணியில் ஓடும் டவுன்லோடுகளை நிறுத்துங்க. அருகிலுள்ள சர்வரைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் அதுதான் பெரிய தீர்வு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, போய்வர மட்டுமே ஏறக்குறைய 29 மில்லி செகண்ட். எந்த 'பூஸ்டர்' ஆப்பும் இந்தத் தூரத்தைக் குறைத்துவிடாது.

பிங் சரியாக இருந்தும் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தால், பிரச்சினை போனில். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி செகண்டுக்குள் வரைந்து முடிக்கணும். முதல் பத்து நிமிடம் ஜோராக ஓடி, பிறகு திணறினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சார்ஜ் போட்டபடி விளையாடாதீங்க, தடித்த கவரைக் கழற்றுங்க, கிராஃபிக்ஸை ஒரு படி இறக்குங்க. (போனை ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. உள்ளே ஈரம் படியும், வேண்டவே வேண்டாம்.)

கேம் திறக்கவே இல்லையா? ரீஸ்டார்ட், அப்டேட், ஸ்டோரேஜில் காலி இடம் - இந்த மூன்றையும் முதலில் பாருங்க. அதன் பிறகுதான் ஆபத்தான இடம் வருகிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'கிளியர் கேஷ்', 'கிளியர் டேட்டா' இரண்டும் அருகருகே இருக்கும். கேஷ் என்பது தற்காலிக ஃபைல்கள், அழித்தால் நஷ்டமில்லை. டேட்டாவை அழித்தால் லாகின், செட்டிங்ஸ், போனிலேயே சேமித்த ஆட்டம் எல்லாம் போய்விடும். அன்இன்ஸ்டால் செய்தாலும் இதே கதிதான். 'கெஸ்ட்' ஆக விளையாடுபவர்களுக்கு மாதக்கணக்கில் சேர்த்த லெவலும், காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்னும் திரும்பக் கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

அதனால் கேம் ஒழுங்காக ஓடும்போதே, அதன் செட்டிங்ஸில் உள்ள அக்கவுண்ட் பகுதிக்குப் போய் கூகுள் கணக்குடனோ, அந்த கேம் தரும் வேறு லாகினுடனோ இணைத்துவிடுங்க. பிளேயர் ஐடியையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கஸ்டமர் சப்போர்ட்டில் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.