குழாய் கேஸ் வந்ததும் அடுப்பின் ஜெட்டை ஏன் மாற்றுகிறார்கள்?

மும்பை செம்பூரில் ஒரு வீட்டுக்கு மகாநகர் கேஸ் நிறுவனத்தின் குழாய் வந்தால், சிலிண்டரில் எரிந்த அதே அடுப்பின் ஜெட்டை, அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனையை, மாற்றிவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கொள்ளளவு வாயுவை எரித்தால், முன்னது சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் தரும். காபி போடுவதை நினைத்துப் பாருங்கள்: முதல் டிகாக்‌ஷன் கொஞ்சம் விட்டாலே காபி திடமாகும். இரண்டாம் டிகாக்‌ஷனை அதிகம் ஊற்ற வேண்டும் அல்லவா? அதுபோல மீத்தேன் கூடுதலாக வர, ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும்.

‘குழாய் கேஸில் சூடு குறைவு’ என்பார்கள். துளை சரியாக இருந்தால் அப்படி இல்லை. மாற்றிய அடுப்பில் மறுபடி சிலிண்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்: வாயு மிஞ்சி, காற்று போதாமல் தீ மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும், நச்சான கார்பன் மோனாக்சைடும் உண்டாகும்.