அந்தி வெளிச்சத்தில் ஈப்புலி

பூலாம்பாடியிலே, பச்சைமலைப் பக்கமாகச் சூரியன் சாய்ந்தபின் திண்ணை விளக்கைச் சுற்றும் பூச்சிகளின்மீது, வலை பின்னாமலே பாய்ந்து விழுகின்ற குதிக்கும் சிலந்தியை, அதாவது நம் ஈப்புலியை, நேயர்கள் கண்டிருக்கலாம். அதற்குள்ள எட்டு நேத்திரங்களில் முன்னே நடுவிலுள்ள பெரிய இரண்டும், தொலைநோக்கியைப் போல் நீண்ட குழல்களாக அமைந்து, அவற்றின் அடியில் நான்கு அடுக்குகளாய் விளங்கும் விழித்திரையால் உருவத்தை அதிசூட்சுமமாக அறிகின்றன. ஆயினும் அந்தக் கூர்மைக்குப் பிரகாசம் மிகுதியாக வேண்டியிருப்பதால், விளக்கும் அணைந்துவிட்டால் பெரும்பாலானவை பட்டுநூற்கூட்டில் ஒடுங்கிவிடுகின்றன.

ஒளியின் அளவு மட்டுமன்று, அதன் வர்ணமும் முக்கியம். நம் நாட்டு வீடுகளிலும் வசிக்கும் ஹசேரியஸ் அடான்சோனி என்ற இனத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் பரிசோதித்து, பச்சை ஒளியில் குறிதவறாது பாய்ந்த அது, அதே பிரகாசமுள்ள சிவப்பு ஒளியில் தூரத்தைத் தப்பாகக் கணித்து இரைக்கு முன்னாலேயே விழுந்ததை 2012-இல் வெளியிட்டார்கள். நேர்த்தியான சோதனை!

விதிவிலக்கும் உண்டு. மத்தியதரைக் கடற்பிரதேசத்தில் கற்களின் அடியில் வாழும் சிர்பா அல்ஜெரினா என்னும் இனம், பார்வைக் கூர்மையில் ஓரளவை விட்டுக்கொடுத்து, மங்கிய ஒளியையும் உணரும் சக்தியைப் பெற்றிருக்கிறது.

இன்றிரவு விளக்கடியில் ஈப்புலியைக் கண்டால், துடைப்பத்தை எடுக்காமல் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள்.